பன்னிரண்டு நாற்பது

நிமிடத்துக்குப் பதினைந்து ரூபாய்.
மொத்தம் நாற்பத்தேழு நிமிடம்.
பாம்பன் கடைத்தெருவில்
ஜெராக்ஸ் மிஷினின் சூட்டுக்கும் சுவருக்கும் நடுவே
என் நாற்காலி.
காதில் முத்துராக்கு,
சின்னப்பாலம், பாசி எடுக்கிறவர்.
தன் வத்தையைப் பிடித்து வைத்திருக்கும் அதிகாரிக்குப்
பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு முன்னால் இதை மதுரையில் யாரோ எழுதியிருந்தார்.
"விடியக்காலம் பாருல நின்னோம்" என்பதை
"அதிகாலையில் மதுக்கூடத்தில் நின்றோம்" என்று.
வக்கீல் சிரித்து, கண்ணைத் துடைத்து, என்னிடம் தந்தார்.
நான் சிரிக்கவில்லை.
கடலுக்கடியில் கிடக்கும் கல்லைப்
பார் என்று சொல்லக் கேட்காத காது
வேறு எங்கேதான் போகும்?

நீவாடு என்று அடிக்கிறேன்.
கணினி அடியில் சிவப்புக் கோடு இழுக்கிறது.
மரிக்கொழுந்துக்குக் கோடில்லை,
பூ என்று நினைத்துக்கொண்டது.
கட்டக்கோரை, சிவப்பு.
அந்தாக்குல, சிவப்பு.
அவர் பேசப் பேசப் பக்கம் தடித்துக்கொண்டே போகிறது,
கடல்சொறி பட்ட முழங்கை மாதிரி.
இருக்கட்டும்.
"பயந்துட்டேன்" என்றால் பயந்துட்டேன்தான்.
பயந்துவிட்டேன் என்று எழுதினால்
அது என் பயம் ஆகிவிடும்.

பன்னிரண்டாம் நிமிடம், நாற்பதாம் விநாடி.
"தீவுல எறங்குனியாம்மா?"
கேட்டவர் குரல் தெளிவு.
அவர் பேனா மூடி கழலும் சத்தம்கூடத் தெளிவு.
அப்புறம் காற்று.
காற்றுக்குள் ஏதோ ஒன்று.
எறங்குனேன்?
எறங்கல?
நடுவில் கிடப்பது ஓர் எழுத்தின் அகலம்.
அந்த அகலத்தில் ஒரு வத்தை
கவிழ்த்துப் போட்டபடி மூன்று மாதமாக வெயிலில் வெடிக்கிறது.

இருபது தடவை கேட்டேன்.
வேகம் குறைத்து. இடது காதில் மட்டும்.
ஷட்டரை இறக்கி, ஃபேனை நிறுத்தி,
கழுத்தில் வழிந்ததைத் துடைக்காமல்.
நாற்பதாவது தடவை "இல்ல" என்று கேட்டது.
நாற்பத்தொன்றில் "ஆமா".
ரொம்ப நேரம் சும்மா இருக்கச் சொன்னால்
காது தானாக ஏதாவது பேசத் தொடங்கிவிடுகிறது.
எனக்கும் ஆசைதான்.
எறங்கல. நாலே எழுத்து.
யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?
ல-வுக்கு மேலே விரல் வெகுநேரம் நின்றது.

கடைசியில் அடைப்புக்குறி போட்டேன்.
(தெளிவில்லை, நான்கு விநாடி)
அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

வாசித்துக் காட்டி ரேகை வாங்கி வரச் சொன்னார் வக்கீல்.
சின்னப்பாலத்தில் மணலெல்லாம் பாசி காய்ந்துகொண்டிருந்தது.
முத்துராக்கு உட்கார்ந்து
ஒவ்வொரு விரலுக்கும் கிழித்த துணி சுற்றிக்கொண்டே கேட்டார்.
வத்தை இல்லாததால் இப்போது கரையோரம்தானாம்.
"நான் இப்படியா பேசுறேன்?"
இரண்டு முறை கேட்டார்.
கோபமா, சந்தோஷமா, கண்டுபிடிக்க முடியவில்லை.
அதைப் பதிவு செய்ய யாரும் எனக்குக் காசு தரவில்லை.

அடைப்புக்குறி வந்தது.
"இந்த எடம் மட்டும் பிடிபடலக்கா."
இயர்போனை அவர் காதில் வைத்தேன்.
பன்னிரண்டு நாற்பது.
சுற்றிக்கொண்டிருந்த துணி நின்றது.
"இங்க நான் ஒண்ணும் சொல்லலையே.
முங்கப் போற மாதிரி மூச்சு இழுத்தேன்.
அதுக்குள்ள அவரு அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு."

அப்படியென்றால் இறங்கினீர்களா என்று
நான் கேட்கவில்லை.
அது ஒலிநாடாவில் இல்லாத கேள்வி.
அவரும் சொல்லவில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்துக்கொண்டு
ரேகை மையைச் சேலையில் துடைத்தபடி
தண்ணீரைப் பார்த்து நடந்தார்.

கடைக்கு வந்து, தெளிவில்லை என்பதை அழித்தேன்.
(மூச்சு, நான்கு விநாடி)
வக்கீல் போனில் கேட்டார், இது நமக்குச் சாதகமா பாதகமா என்று.
தெரியாது சார் என்றேன்.
ரசீதில் அந்த நான்கு விநாடியும் சேர்ந்திருக்கிறது.
கணக்குப்படி ஒரு ரூபாய்.